நேரலையில் ஒரு குழாய்

"மூடும்மா. பாதிக் குடம் போதும்."

உதடு அசையாமல் சொன்னார் நகராட்சிப் பொறியாளர். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

அவள் மூடவில்லை.

பித்தளைக் குடத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. குடத்தின் கழுத்தில் மல்லிகைச் சரம், வயிற்றில் குங்குமப் பொட்டு. வாடகைக் குடம். தெருவின் சார்பில் குடம் பிடிக்க அவளைத் தேர்ந்தெடுத்தவர்கள், படம் எடுத்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று ஒத்திகையிலேயே சொல்லிவிட்டார்கள்.

பக்கத்தில், குடத்தில் ஒரு கை வைத்தபடி அமைச்சர். தலைக்கு மேலே டிரோன். எதிரே, உப்புக்கிணற்றுத் தெருவின் எந்த வீட்டையும்விட உயரமாக ஒரு பிளக்ஸ்.

'இருபத்து நான்கு மணி நேரமும் குடிநீர்.'

பிளக்ஸுக்குப் பின்னால் ஒரு லாரி.

அவர்கள் தெருவுக்கு வர வேண்டிய தண்ணீர் லாரி. ஒரு வாரமாக வரவில்லை. கேட்டதற்கு, விழா வேலையில் இருக்கிறது என்றார்கள்.

இன்று காலையில்தான் அந்த விழா வேலையை அவள் கண்ணால் பார்த்தாள். அமைச்சர் கார் வரும் வழியில் புழுதி பறக்கக் கூடாதாம். லாரி ரோட்டைக் கழுவிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அடுக்கிய பூந்தொட்டிகளுக்கும் ஊற்றியது. மிச்சத்தோடு பிளக்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

லாரியிலிருந்து ஒரு ரப்பர் குழாய். அதன் நுனியில் பளபளவென்று இந்தப் புதுக் குழாய். தெருவில் ஒருவரும் பள்ளம் தோண்டவில்லை. பூமிக்கடியில் ஒரு சாண் பைப்புகூடக் கிடையாது.

ஒரு குடம். ஒரு சிரிப்பு. ஒரு படம். முடிந்ததும் லாரி அடுத்த ஊர் விழாவுக்குப் போய்விடும்.

போன மாதம் கொசு ஒழிப்பு விழா. இதே அமைச்சர் புகையடிக்கும் மிஷினைத் தோளில் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டார். மிஷின் அவரோடு வண்டியேறிப் போனது. கொசு இங்கேயே தங்கிவிட்டது.

நேற்று அவள் பாத்திரம் கழுவியது வடித்த கஞ்சியில்.

"இனி இந்தத் தெருவில் தண்ணீர் நிற்கவே நிற்காது!" அமைச்சர் மைக்கில் முழங்கினார். பட்டாசு வெடித்தது. வண்ணக் காகிதங்கள் பறந்தன.

குடம் நிறைந்தது.

குழாயடிக்கு ஒரு சட்டம் உண்டு. தண்ணீர் வரும்போது யாரும் குழாயை மூடுவதில்லை. நிறைந்த குடம் இடுப்புக்கு ஏறும் அதே நொடியில் அடுத்தவள் குடம் அடியில் இருக்கும். ஒரு கை தண்ணீர் சிந்தாது.

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

திரும்பாமலே குரல் கொடுத்தாள்.

"ஏட்டி செல்வக்கனி, கொண்டா!"

சவுக்குக் கட்டைத் தடுப்புக்கு அடியில் முதலில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் வந்தது. பின்னாலேயே செல்வக்கனி. பிறகு மைமூன். பிறகு தெருவே வந்தது.

தடுப்பில் நின்ற பெண் காவலர் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. எல்லாக் கேமராவும் இந்தப் பக்கம்தான்.

பொறியாளருக்கு வேர்த்துக் கொட்டியது. "என்னம்மா இது? ஒரு குடம்னுதான பேச்சு? மூடு!"

அவள் மைக்குக்கு எட்டும்படி கேட்டாள்.

"ஏன் சார் மூடணும்? நிக்கவே நிக்காதுன்னு ஐயா இப்பத்தான சொன்னாக?"

அமைச்சர் சிரித்தார். வேறு வழியில்லை. நேரலை.

லாரியின் வால்வை அடைக்கச் சொல்லலாம். பொறியாளரின் கை செல்போனுக்குப் போனது. அமைச்சர் ஒரு பார்வை பார்த்தார். கை திரும்பி வந்தது.

"ஐயா, எங்கொடத்துலயும் கை வைங்க," என்றாள் செல்வக்கனி. "அவளுக்கு மட்டுந்தான் போட்டோவா?"

வைத்தார்.

அடுத்த குடத்திலும் வைத்தார். அண்டாவில் வைத்தார். பெயின்ட் வாளியில், குக்கரில், குழந்தை குளிக்கும் தொட்டியில். சட்டைக் கை நனைந்தது. வேட்டி நனைந்தது. கார் ஹாரன் அடித்துப் பார்த்து ஓய்ந்தது.

அவள் பித்தளைக் குடத்தை வீட்டு அண்டாவில் கவிழ்த்துவிட்டு ஓடிவந்தாள். வரிசையின் கடைசியில் அதை வைத்தாள்.

யாரும் முண்டவில்லை. யாரும் யார் முடியையும் பிடிக்கவில்லை. அப்படி ஒரு வரிசையை அந்தத் தெரு அதுவரை கண்டதில்லை.

குழாய் இருமியது.

ஒரு சொட்டு. கொஞ்சம் காற்று. அப்புறம் ஒன்றுமில்லை.

பிளக்ஸின் ஓரத்தை விலக்கிக்கொண்டு லாரி டிரைவர் வெளியே வந்தார். லுங்கியில் கையைத் துடைத்தபடி, நேராக மைக் இருந்த இடத்துக்கு. பாவம், நல்ல மனுஷன்.

"சார், தண்ணி தீந்துருச்சு. இன்னொரு லோடு அடிச்சிட்டு வரட்டா?"

கேமராக்கள் அவர் பக்கம் திரும்பின. விலகிய பிளக்ஸின் இடுக்கில் லாரியைப் பார்த்தன. மெதுவாக அமைச்சர் பக்கம் வந்தன.

தெருவே குடத்தோடு நின்று அவர் வாயையே பார்த்தது.

அமைச்சர் தொண்டையைச் செருமினார்.

"போய்... கொண்டு வாய்யா."

ஊர் முழுக்கக் கேட்டது.

யாரோ குலவையிட்டார்கள். அது வரிசையின் நுனியிலிருந்து வால் வரை ஓடியது. லாரி கிளம்பிய சத்தம்கூட அதில் அமுங்கிப்போனது. அமைச்சர் மேடைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். லாரி திரும்பாமல் எழுந்திருக்க முடியாது என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

பெண் காவலர் மெல்ல அவள் பக்கத்தில் வந்தாள். தொப்பியைச் சரி செய்வதுபோல் குனிந்தாள்.

"அக்கா... எங்க குவார்ட்டர்ஸ்லயும் வரல."

அவள் கீழே கிடந்த செங்கல் துண்டு ஒன்றை எடுத்தாள். கையில் குடம் இல்லாதவர்களுக்கு அந்தத் தெருவில் கல்தான் இடம் பிடிக்கும்.

தன் குடத்துக்கு முன்னால் வைத்தாள்.