வைத்தியர் தொட்ட கழுதை

மலையூர் ஒன்றில் ஒரு சுமைக் குதிரையும் ஒரு கழுதையும் ஒரே கொட்டிலில் வாழ்ந்து வந்தன. பனிக்காலம் முடிந்ததும் கால்நடை வைத்தியர் வந்தார். குளிருக்கு அடர்ந்து வளர்ந்திருந்த குதிரையின் முடிக்குள் விரல்களை விட்டு, விலா எலும்புகளைத் தடவிப் பார்த்தார். உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தார். குளம்பைத் தூக்கித் தம் மடியில் ஏந்திக்கொண்டார்.

கழுதைக்கு வயிறு எரிந்தது.

"என்ன அண்ணே, ராசா வீட்டுப் பிள்ளையோ நீர்? மடியில் வைத்துக் கொஞ்சுகிறாரே!"

"கொஞ்சலா? உடம்பில் சதை இருக்கிறதா என்று பார்க்கிறார், தம்பி. சும்மா இரு."

"எனக்கும்தான் உடம்பு இருக்கிறது!" என்ற கழுதை, உடனே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியது, போதாதென்று இருமியும் காட்டியது.

வைத்தியர் திரும்பினார். அதே விரல்கள் கழுதையின் விலாவில் ஊர்ந்தன. அதே மடியில் அதன் குளம்பும் ஏறியது. கழுதை சொக்கிப்போய்க் கண்களை மூடிக்கொண்டது, இருமவும் மறந்துபோனது.

"குதிரை முடிக்குள்ளே எலும்பும் தோலுமாக இருக்கிறது. கோடை முடியும்வரை சுமை ஏற்றாதீர்கள்," என்று வைத்தியர் அவற்றை வளர்த்த உரிமையாளரிடம் சொன்னார். "கழுதைக்கு ஒரு குறையுமில்லை. இரண்டின் சுமையையும் அதுவே தாங்கும்."

மறுநாள் இரட்டைச் சுமையோடு புறப்பட்ட கழுதை, நிழலில் கொள்ளு தின்றுகொண்டிருந்த குதிரையின் முன்னே வேண்டுமென்றே நின்றது.

"கேட்டீரா அண்ணே? உம்மிடம்தான் குறை கண்டாராம். என்னிடம் ஒன்றுகூட இல்லையாம்!"

முதுகு வளைய அது மேடேறிப் போவதைக் குதிரை பார்த்துக்கொண்டே நின்றது. மென்றுகொண்டிருந்த கொள்ளு அதன் வாயில் கசந்தது.