டேங்க் மூடி

“பாய், டேங்க்க மட்டும் தொறக்காத!”

வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஜானகி போட்ட சத்தத்தில், லாரிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் இனாயத் தலையை இடித்துக்கொண்டார்.

“ஏன் அண்ணி?”

“ஆறு வருசமா மூடியே கெடக்குது. உள்ள பாம்பு கீம்பு இருக்கப் போவுது.”

“டீசல் டேங்க்லயா? அது இன்னா பொழப்புக்கு அங்க போவும்?” இனாயத் சிரித்தார்.

மட்கார்டில் சாய்ந்து நின்ற பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை. மனைவியை ஒரு முறை பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பி ஆற்றைப் பார்த்தார்.

அந்தப் பார்வைதான் ஜானகிக்குப் பிடிக்கவில்லை.

சைதாப்பேட்டையில், அடையாற்றை ஒட்டிய அந்தத் தெருவின் வேப்பமரத்தடியில் ஆறு வருடமாக நிற்கிறது லாரி. போன வாரம் மாநகராட்சிக்காரர்கள் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். பத்து நாளில் எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்களாம்.

“எடைக்குப் போட்டுடலாம்யா” என்றாள் ஜானகி.

“ஓடுற வண்டிய எவனாவது எடைக்குப் போடுவானா?” என்றார் பஞ்சாட்சரம்.

ஓடுற வண்டியாம்! நோட்டீஸ் ஒரு சாக்கு என்று அப்போதே அவளுக்குத் தோன்றியது. நேற்று அவர் பெட்டியிலிருந்து பழைய காக்கிச் சட்டையை எடுத்துத் தேய்த்து வைத்தார். இன்று காலை மார்க்கெட்டிலிருந்து நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். வெறுமனே நிற்கப் போகிற வண்டிக்கு எலுமிச்சம்பழம் எதற்கு?

“யாருய்யா ஓட்டப் போறது?”

“மொதல்ல ஸ்டார்ட் ஆவட்டும்.”

“டாக்டர் சொன்னது ஞாபகம் கீதா?”

“கீது.”

அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஆறு வருடமாக இப்படித்தான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் திண்டிவனம் தாண்டி, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்மேல் சாய்ந்துவிட்டார். கிளீனர் ஹேண்ட் பிரேக்கை இழுத்ததால் உயிர் தப்பியது. இனி ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். ஜானகி காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். கேட்கவில்லை. அடுத்த வாரமே நெல்லூர் லோடுக்குக் கிளம்பினார். தெருமுனை வரைக்கும் போன வண்டி அங்கேயே செத்து நின்றது. நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்து மரத்தடியில் விட்டார்கள்.

இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டிய மனுஷன், அதற்குப் பிறகு தி.நகர் ஜவுளிக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் கதவு திறந்துவிட்டார். அந்தக் கடைப் பக்கம் ஜானகி ஒரு நாளும் போனதில்லை.

“இஞ்சின் ஃப்ரீயாச்சு, பேட்டரி மாட்டியாச்சு. இனி டீசல் ஊத்த வேண்டியதுதான்” என்று இனாயத் எழுந்து மூடியில் கை வைத்தார்.

ஜானகி சோப்புக் கையோடு ஓடி வந்தாள். “புது டேங்க்கே போட்டுடலாம் பாய். வேணும்னா என் தோட்டக் கழட்டித் தர்றேன்.”

“பார்றா! ஒரு மூடியத் தொறக்கறதுக்குத் தோட்டக் கழட்டுறாங்க!”

“தொற பாய்” என்றார் பஞ்சாட்சரம். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

மூடி கிறீச்சென்று திறந்தது. இனாயத் டார்ச் அடித்தார். ஜானகி கண்ணை மூடிக்கொண்டாள்.

“பளிச்சுனு கீது.”

அவளால் நம்ப முடியவில்லை. எட்டிப் பார்த்தாள். உள்ளே எண்ணெய் பூசிய தகடு மினுமினுத்தது. ஒரு பொட்டுத் துருகூட இல்லை.

“இது... இது எப்டி?”

“வண்டி நின்ன மூணாம் நாளே நானும் அண்ணனும் டேங்க்க எறக்கிக் கழுவி, ஆயில் பூசி மாட்டிட்டோமே! நீங்க அன்னிக்கி நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போயிருந்தீங்க.”

“அப்பவும் ஸ்டார்ட் ஆவலியா?”

“ஆவாம? ஒரே செல்ஃப்ல கும்முனு புட்ச்சிக்கிச்சு. அண்ணன்தான் ஆஃப் பண்ணிட்டு, நிக்கட்டும் பாய்னாரு. உள்ள இன்னா கெடந்துச்சு தெரியுமா அண்ணி...”

“பாய்!” பஞ்சாட்சரம் குறுக்கிட்டார். “பேசிக்கினே இருந்தா வண்டி கெளம்புமா? டீசல ஊத்தி, பைப்புல கீற ஏர வெளிய எடு.”

டீசல் ஊற்றி, இனாயத் கைப்பம்பை அடித்தார். நுரை நுரையாக வந்த காற்று அடங்கி, டீசல் மட்டும் கசிய ஆரம்பித்ததும் ஸ்க்ரூவை இறுக்கினார். பஞ்சாட்சரம் ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். வைத்துவிட்டு, அப்போதுதான் பட்டினப்பாக்கத்திலிருந்து வந்து இறங்கிய அக்கா மகன் டில்லிபாபுவிடம் சாவியையும் காக்கிச் சட்டையையும் நீட்டினார்.

“ஏறு. இனிமே நீதான் ஓட்டணும். ஐஸ் ஏத்து, மீன் ஏத்து, இன்னா வேணா ஏத்து.”

“நீ வரல மாமா?”

“எனக்கு ஸ்டூல் கீதுடா.”

சாவி திரும்பியது. லாரி இருமியது, கறுப்பாகக் கக்கியது, பிறகு தெருவே அதிர உறுமியது. வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. ஜானகி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். கையில் சோப்பு காய்ந்திருந்தது.

பஞ்சாட்சரம் அவள் பக்கம் வந்தார். அந்த இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்காதபடி காதருகே குனிந்தார்.

“எல்லாருக்கும் டீ போடுமே. சர்க்கரைய டம்ளர்ல போடு... அன்னிக்கி மாதிரி ரேஷன் சர்க்கரை ரெண்டு கிலோவையும் டீசல் டேங்க்ல கொட்டிடாத.”