கடைசி வீட்டு விளக்கு

"ஒரு வீட்டுல மட்டும் லைட் பத்தலையே, ஏன்?"

விஜேந்திரன் சேர் மவுஸை மறுபடி அழுத்தினார். திரையில் பொழுது சாய்ந்தது. மலை கறுத்தது. தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் விளக்குகள் எரிந்தன. கடைசி வீடு மட்டும் இருட்டாகவே கிடந்தது.

அதைச் செய்த ஜீவராணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே பனி இறங்கி, றக்வான டவுனில் பாதியைக் காணவில்லை. அவளும் பாதி நேரம் இப்படித்தான், ஆள் இங்கே இருப்பாள், நினைப்பு எங்கேயோ திரியும். வகுப்பில் அவளுக்குக் கனவுராணி என்றே பெயர்.

சேர் கொடுத்த வேலை சின்னதுதான். பட்டனை அழுத்தினால் திரையில் ஏதாவது நடக்க வேண்டும். அழுத்தும் வரை புரோகிராம் பேசாமல் காத்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக எழுதி நீட்டக் கூடாது, 'கிளாஸ்' போட்டு எழுத வேண்டும். கொழுக்கட்டை அச்சு மாதிரி ஒன்றைச் செய்துவிட்டால் போதும், பிறகு வேண்டிய மட்டும் வார்த்துக்கொள்ளலாம்.

மற்றப் பிள்ளைகள் பந்து, பலூன், கார் என்று வார்த்தார்கள். இவள் 'வீடு' என்று ஒரு கிளாஸ் எழுதி, அதில் ஒரு லயத்தையே கட்டிவிட்டாள்.

லயத்தைக் கண்டதுமே சேரின் முகம் மாறிவிட்டது. மனுஷனுக்குத் தோட்டம் என்றாலே ஆகாது. தான் இரத்தினபுரி டவுன்காரன் என்று வாரம் ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தமிழ்ப் பிள்ளைகளிடமும் பாதிப் பேச்சு சிங்களம்தான். இன்றைக்கும் 'மொகத மே', என்ன இது, என்று தொடங்கி, வரைவதற்கு உலகத்தில் வேறு வீடே கிடைக்கவில்லையா, எங்கே போனாலும் லயத்தைத் தலையில் தூக்கிக்கொண்டுதான் போவீர்களா என்று ஒரு பாட்டம் பொரிந்து தள்ளினார்.

பிறகு பாடத்துக்கு வந்தார்.

"எல்லா வீடும் ஒரே கிளாஸ்தானே? அப்ப ஒண்ணு மட்டும் எப்பிடி வேற மாதிரி நடக்கும்?"

"கட்டினது ஒரே மாதிரிதான் சேர். ஆனா அந்த வீடு வேற ஒண்ணுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

வகுப்பே சிரித்தது. சேரும் சிரித்தார். கனவு காண வேண்டுமென்றால் வீட்டில் படுத்துக்கொண்டு காணலாம், அதற்குக் கம்பியூட்டர் எதற்கு என்று கேட்டுவிட்டு, அவள் பெயருக்கு நேரே 'ஃபெயில்' என்று எழுதினார்.

அந்த ஒரு சொல் லேசுப்பட்டதில்லை. பாஸ் பண்ணினால் கொடகவெல அச்சகத்தில் அவளுக்கு வேலை. இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து தோட்டத்தில் கொழுந்துக்கூடை. அவளுடைய அப்பா கங்காணியிடம் சொல்லியும் வைத்துவிட்டார். இது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும்.

பக்கத்தில் இருந்த மதுஷாவுக்கே பொறுக்கவில்லை. "வாயைத் திறந்து சொல்லு புள்ள, என்ன செஞ்சேன்னு" என்று இடித்தாள். ஜீவராணி தலையை மட்டும் ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது. என்ன பெண்ணப்பா இது, வாழ்க்கையே போகிறது, இப்படி ஒரு அழுத்தமா என்று எல்லாருக்கும் எரிச்சலாக வந்தது.

வகுப்பு கலைந்தது. அவள் கம்பியூட்டருக்கு உறை போட்டு மூடுவதற்காகப் பின்தங்கினாள்.

சேருக்கு மனம் கேட்கவில்லை. இரக்கமெல்லாம் இல்லை, பிழை எங்கே என்று தெரியாவிட்டால் அவருக்கு மண்டை வெடித்துவிடும். அவளை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கூரையை அழுத்தினார், கதவை அழுத்தினார். ஒன்றும் அசையவில்லை. திரையின் கீழ் ஓரத்தில் சின்னதாக ஒரு பஸ் நின்றது. அதை அழுத்தினார்.

பஸ் புறப்பட்டது. வளைந்து வளைந்து, பனிக்குள் மறைந்து, மறுபடி தெரிந்து, அவசரமே இல்லாமல் மலை ஏறியது. லயத்துக்குக் கீழே நின்றது. பையோடு ஒரு ஆள் இறங்கினான். படிக்கட்டு ஏறி நடந்தான். அவன் வாசலை நெருங்கும்போது கடைசி வீட்டில் விளக்கு எரிந்தது. கதவு தானாகத் திறந்தது.

சேர் வாயைத் திறந்தபடி பார்த்தார். இன்னொரு தடவை பஸ்ஸை விட்டுப் பார்த்தார். அவரை அறியாமலே சிரிப்பு வந்தது. நல்ல கெட்டிக்காரி, இப்படி ஒன்றைத் தன் மாணவர்கள் யாரும் செய்ததில்லை என்று மனதாரச் சொல்லி, 'ஃபெயிலை' வெட்டிவிட்டு 'பாஸ்' போட்டார்.

"இதை அப்பவே சொல்லியிருந்தா நான் ஏன் ஃபெயில் போடப்போறேன்?"

"எல்லாரும் இருந்தாங்க சேர். அதான் சொல்லல்ல."

"எல்லாரும் இருந்தா என்ன?"

ஜீவராணி வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"இது எங்க தோட்டத்து மேப்பிரிவு லயம் சேர். கம்பியூட்டர்ல பட்டனை அழுத்தினா நெனச்சது நடக்கும்னு கடைசி வீட்டு இருளாயி அம்மாகிட்ட நான் சும்மா பீத்திக்கிட்டேன். 'அப்ப அதை அழுத்தினா எம் மவன் வந்துருவானா புள்ள'ன்னு கேட்டாங்க, உங்கம்மா."