கத்துகிற பெட்டி

தங்கராசுவின் டீக்கடையில், செல்போனில் யாராவது பணம் போட்டால் கத்திச் சொல்கிற பெட்டிக்குத் தலைக்கனம் ஜாஸ்தி. "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று அது கத்தினாலே முதலாளி முகம் மலர்ந்துவிடும்.

"உன்னைப் பார்த்தா மட்டும் அவருக்கு மூஞ்சி சுருங்குதே" என்று பக்கத்திலிருந்த பில் குத்தும் கம்பியைச் சீண்டும்.

மாசக் கடைசியில் பால்காரர் வந்து நின்றார். காசில்லை. "நாள் பூரா கத்துனியே, அதெல்லாம் எங்க?" என்று தங்கராசு பெட்டியைத் தட்டினார். வந்ததைச் சொல்லத்தான் அதற்குத் தெரியும், போனதைச் சொல்லத் தெரியாது.

"எங்கிட்ட இருக்கு, அண்ணாச்சி" என்றது கம்பி. கேஸ் பில்லுக்கு மேலே வீட்டு ஏசி, அதற்கும் மேலே மச்சினிச்சியின் பட்டுச்சேலை என்று பில்கள் குத்தியிருந்தன.

பில்களை எடுக்கத் தங்கராசு கம்பியிடம் கையை நீட்டினார்.

"பதினைந்து ரூபாய் பெறப்பட்டது."

முகம் மலர்ந்து, நீட்டிய கையோடு டீ ஆற்றப் போய்விட்டார்.