பூவாளியின் பாசம்

மலையுச்சியில் பாய்போல் படர்ந்து கிடந்த பச்சைச் செடியைப் பெயர்த்துவந்து, தோட்டத்துப் பாறையடியில் நட்டிருந்தார்கள். பூவாளி காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியது.

"போதும்க்கா, வேர் அழுகுது," என்றது செடி சோர்வாக.

"கூச்சப்படாம குடி செல்லம்," என்றது பூவாளி.

செடி நடுவில் கறுத்தது. "தாகம்தான், பாவம்!" என்று பூவாளி இன்னும் ஊற்றியது. ஓரக்கிளை ஒன்று மட்டும் மெல்ல ஊர்ந்துபோய், பாறையின் உலர்ந்த இடுக்கில் வேர்விட்டது.

செடி செத்ததும் பூவாளி அழுதது. "இவ்வளவு ஊத்தியும் காப்பாத்த முடியலையே!"

முந்தைய செடிகளுக்காக 'ஊத்தாதே' என்று சொல்லிச் சொல்லியே பாறைக்கு அலுத்துவிட்டது.

அப்போதுதான் இடுக்கிலிருந்த பச்சை பூவாளியின் கண்ணில் பட்டது.

"அடப்பாவமே, உனக்கு ஒரு சொட்டுகூட ஊத்தலையே நான்!" என்று மூக்கைச் சாய்த்தது.