முப்பத்தொன்பது கடிதங்கள்

"இதை இன்னைக்கே சரி பண்ணியாகணுமாம்மா? நாளைக்குப் பாத்துக்கலாமே" என்றார் டீம் லீடர்.

காலையில் அவள் ஆஸ்பத்திரி மென்பொருளில் பிழையைக் கண்டுபிடித்ததிலிருந்து மூன்றாவது தடவையாக இதையே சொல்கிறார். இரண்டு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருக்கு 'ஆமை' என்று பட்டப்பெயர் வைத்தவன் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

"அண்ணே, ஆஸ்பத்திரியில சாகக் கிடக்கிறவங்க வீட்டுக்கு எழுதி வச்ச கடிதம். அவங்க போனப்புறம் வீட்டுக்காரங்களுக்குப் போகணும். ஒண்ணுகூடப் போகலை."

"எங்க தப்புன்னு இன்னொரு தடவை சொல்லு."

"கம்ப்யூட்டர்ல ஆளுங்க எல்லாரும் ஒரே பட்டியல்லதான் இருக்காங்க. வகை மட்டும்தான் வேற. கடிதத்துல 'நோயாளி, நம்பர் இத்தனை'ன்னு பதிஞ்சு வச்சிருக்கோம். இறந்ததும் அவங்க வகை 'இறந்தவர்'னு மாறிடுது. அந்த வகையில தேடினா, கடிதமே இல்லைங்குது. பொதுவா 'ஆள்'னு பதிஞ்சிருந்தா செத்தாலும் மாறாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நடுவுல ஏதாவது அழிஞ்சு போயிருக்குமோ?"

"ஒண்ணும் அழியலைண்ணே. எழுதினவங்க எல்லாருதும் பத்திரமா இருக்கு."

"எதுக்கும் ஒரு நாள் பொறுத்து..."

"ஒரு வரிகூட எழுதாம போயிட்டாங்களேன்னு எத்தனை வீட்டுல மனசு ஒடைஞ்சு உக்காந்திருக்காங்களோ. உங்களுக்கு அது ஒரு நாள்தான்."

அவர் சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

பழைய பதிவுகளில் எல்லாம் 'நோயாளி' என்பதை 'ஆள்' என்று மாற்றி, புரோகிராமை ஓடவிட்டாள். திரையில் பெயர்கள் வரிசையாக ஏறின. முப்பத்தொன்பது கடிதங்கள் அந்தந்த வீட்டுக்காரர்களின் போனுக்குப் போய்ச் சேர்ந்தன. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதாண்ணே. எழுதினவங்கள்ல ஒருத்தர்கூட விட்டுப்போகலை."

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை பாத்துட்டேன்."

அவர் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"என் வீட்டுக்காரியும் அங்கதாம்மா இறந்தா. எனக்கும் எழுதியிருப்பா, இந்தப் பிழையாலதான் வந்து சேரலைன்னு காலைலேர்ந்து நினைச்சிட்டிருந்தேன். இன்னைக்கு ஒரு நாளாவது அப்படி நினைச்சுக்கிட்டே தூங்கலாம்னு பாத்தேன்."