சுண்டுவிரல்

என் மனைவி தமயந்தி மற்றவர்களுக்குக் கல்யாண ஆல்பம் செய்துகொடுப்பதற்காக வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தோம். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, நிறம் பிசகாத மானிட்டர் எல்லாவற்றையும் நானே தேடித் தேர்ந்தெடுத்தேன். “வேண்டாத ஆளைப் படத்துலேர்ந்து எடுத்தா தடம் தெரியக்கூடாதுங்க” என்று மட்டும்தான் அவள் கேட்டிருந்தாள்.

இன்று அதில் எங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்தேன். அக்னியை அவள் தனியாக வலம்வருகிறாள். நான் நடந்த இடத்தில் வாழைமரமும் சாமந்திச் சரமும் இருந்தன. என் நிழலைக்கூட விட்டுவைக்கவில்லை. அவள் சுண்டுவிரலைக் கோத்திருந்த என் விரல் மட்டும் அந்தரத்தில் நின்றது.

தமயந்தி காபி டம்ளரை என் பக்கத்தில் வைத்தாள்.

“அந்த விரல் மட்டும் போகவே மாட்டேங்குது. இதைவிட நல்ல கிராபிக்ஸ் கார்டு எதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்களேன்.”